இராமானுஜன் விட்டுவிட்ட எண்

கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நான் உடனே இசையவில்லை. அவரைப் பற்றி இனி எழுத என்ன இருக்கிறது? 1729 என்ற எண்ணைத் தாங்கி வந்த வாடகை மோட்டாரின் கதையை அறியாத தமிழ் மாணவன் உண்டா? நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளிய கதையை நம் பாட்டிமாரே சொல்வார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 22-ஆம் நாள் வந்தால் படத்துக்கு மாலை சூட்டுகிறோம்; இரண்டு சொற்பொழிவு கேட்கிறோம்; தேநீர் அருந்திக் கலைகிறோம். அந்த மாலைகளின் மேல் நானும் ஒரு மாலையைப் போடுவானேன் என்று வாளா இருந்துவிட்டேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு பெரிய எண். அதை எனக்கு நினைவூட்டியவள் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி.

நான் குடியிருப்பது லிங்கராஜபுரத்தில். பெங்களூரின் இந்தப் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: குக் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் பக்கம், மேம்பாலத்தின் மேலே வண்டிகளும் கீழே இரயிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் நாலு மொழி கேட்கும். அவற்றுள் தமிழுக்கும் நல்ல பங்கு உண்டு. என் வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. வீட்டுப் பேச்செல்லாம் தமிழ்தான். ஆனால் அவருடைய பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. மாலை வேளைகளில் மாடியேறி வந்து, என்னை அண்ணா என்றழைத்துக்கொண்டு, கன்னடமும் ஆங்கிலமும் கலந்து கணக்குக் கேட்பாள்.

ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். நூறு வரை உள்ள எண்களில் பன்னிரண்டு காரணிகள் உடையவற்றையெல்லாம் எழுதச் சொல்லியிருந்தார்களாம். அவள் எழுதியது 60, 72, 84, 96. நான்கும் சரியே. ஆனால் 90-ஐ விட்டுவிட்டாள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் ஏறிப் போனவளுக்கு வழியில் அது தென்படவில்லை. ஐந்தில் ஒன்று குறைந்ததால் விடை முழுவதுமே தவறு என்று சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டார்கள். நான்கு எண்களைக் கண்டுபிடித்த உழைப்புக்கு மதிப்பெண் இல்லை.

அவளைத் தேற்றுவதற்காக, இராமானுஜனும் இப்படி ஒரு பட்டியலில் ஓர் எண்ணை விட்டிருக்கிறார் என்றேன். அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் படமாகத் தொங்குகிறவர் எப்படித் தவறுவார்? நான் கதை கட்டுகிறேன் என்றே முடிவு செய்துவிட்டாள். நண்பர்களே, நம்மில் பலரும் அந்தச் சிறுமியின் கட்சிதான். ஆகையால் அந்த எண்ணின் கதையையும், அதை விட்டவரின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

எண்களைப் பகா எண் என்றும் பகு எண் என்றும் பிரித்துப் படித்திருக்கிறோம். 2, 3, 5, 7, 11 போன்ற பகா எண்கள் தம்மாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை; பங்குக்கு இணங்காத பிடிவாதக்காரர்கள். அவற்றின் பின்னே அலைந்த கணித அறிஞர் பலர். இராமானுஜன் எதிர்க் கோடியில் நின்றவற்றைத் தேடினார். எத்தனை வகையாகப் பங்கிட்டாலும் முகம் கோணாமல் இடம் கொடுக்கும் எண்கள் எவை? தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் விட மிகுதியான காரணிகளை உடைய எண் எதுவோ, அதை அவர் ஒரு தனி இனமாக எடுத்துக்கொண்டார். தமிழில் மிகுபகு எண் என்று வைத்துக்கொள்வோம்.

12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதற்குக் கீழே உள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. ஆகவே 12 மிகுபகு எண். அடுத்தது 24, அதற்கு எட்டு. பிறகு 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு, 120-க்குப் பதினாறு. இவற்றை நம் முன்னோர் பெயரிட்டு அழைக்கவில்லையே தவிர, கையில் வைத்துப் புழங்கியே வந்தார்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, ஆண்டுச் சுற்றுக்கு 60 பெயர், கலத்துக்கு 12 மரக்கால், வட்டத்துக்கு 360 பாகை. தசை கணிக்கும் சோதிடர் மனிதனுக்கு வைத்த முழு ஆயுள் 120 ஆண்டு. இராமானுஜனுக்கு அதில் 32 கிடைத்தது. கிரேக்கப் பெரியார் பிளேட்டோ, தாம் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடிகள் வேண்டும் என்றார். 1 முதல் 10 வரை எதனாலும் அது வகுபடும், காரணிகள் அறுபது. இந்த 5040-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருமுறை வரும்.

காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணத் தேவையில்லை. எண்ணைப் பகா எண்களாக உடைத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று பார்த்து, அந்த அடுக்கோடு ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கினால் போதும். 12-இல் 2 இருமுறை, 3 ஒருமுறை. மூன்றை இரண்டால் பெருக்க ஆறு. சிறுமியின் 90-இல் 2 ஒருமுறை, 3 இருமுறை, 5 ஒருமுறை. இரண்டு, மூன்று, இரண்டு இவற்றின் பெருக்கம் பன்னிரண்டு. இவ்வளவுதான் நமக்கு வேண்டிய கருவி.

இனி மனிதருக்கு வருவோம். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டியார் வீட்டில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பாடுபவர். வருவாய் போதாமல் வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து உணவிட்டார்கள். அந்த மாணவர்களிடம் இரவல் பெற்ற புத்தகங்களே பையனுடைய முதல் நூலகம். பதினைந்து பதினாறு வயதில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு எட்டியது. சுமார் ஐயாயிரம் முடிபுகள். நிறுவல் பெரும்பாலும் கிடையாது. மற்றவன் மூடி வைத்துவிடுவான். அவரோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கே பிடித்தது வினை. 1904-இல் உதவித் தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர எதையும் தொடாமல், ஆங்கிலத்தில் தவறி, உதவித் தொகையை இழந்தார். வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்பினார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார், எஃப். ஏ. தேர்வில் மீண்டும் தோல்வி. நிலுவைப் பாடங்களோடு திரியும் நம் நண்பர்கள் சிலர் இந்த இடத்தில் முகம் மலர்வது எனக்குத் தெரிகிறது. பொறுங்கள், அந்தத் தோல்வியின் பொருள் அந்நாளில் பசி. பட்டம் இல்லாதவனுக்குக் கணக்கர் வேலையும் அரிது. தாள் விலைக்கு வாங்க வகையின்றிச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வது அவர் வழக்கமாயிற்று. வழியெல்லாம் முழங்கையோடு போயிற்று. நின்றது முடிபு மட்டும். அவர் எப்படிக் கண்டார் என்று பின்வந்தோர் திகைப்பதற்கு அந்த முழங்கையும் ஒரு காரணம் அன்றோ?

1909-இல் சானகி அம்மையாருடன் திருமணம். அதன்பின் நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை தேடும் படலம். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவியவர். நோட்டைப் பார்த்ததும் இவரைத் தாலுகாக் கச்சேரியில் புதைக்க மனமின்றிச் சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தம் பொறுப்பில் மாதம் 25 ரூபாய் அளித்தார். பிறர் கையை எதிர்பார்த்து வாழ மனமில்லாமல், 1912 மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16-ஆம் நாள் அங்கிருந்துதான் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் போயிற்று. பிறகு பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் வழங்கியதும், 1914 மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் அவர் ஏறியதும் எல்லோரும் அறிந்தவை. நான் நிற்க விரும்புவது அதற்கடுத்த குளிர்காலத்தில்.

அவர் போய்ச் சேர்ந்து நாலு மாதத்துக்குள் உலகப் போர் மூண்டது. டிரினிட்டி கல்லூரியின் முற்றம் ஒன்று காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையாயிற்று. கூட உழைத்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக் கணக்குக்குப் போய்விட்டார். புலால் கலந்த அடுப்பில் வெந்ததை உண்ணாத இராமானுஜன் தம் அறையில் தாமே சமைத்தார். பிற்காலத்தில் புள்ளியியலில் பெயர் பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் இவர் அறைக்குப் போனவர், இரவில் குளிர் தாங்கவில்லை என்று கேட்டுப் படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் விரித்து மடித்துச் செருகியபடியே இருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலேயே மேற்சட்டையும் போர்வையுமாகப் படுத்து நடுங்கியிருக்கிறார் நம்மவர். சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இல்லை. பன்னிரண்டு இலக்க எண்களைக் குடும்பத்தாரைப் போல் அறிந்தவருக்குக் கம்பளியின் உள்ளே இடம் இருப்பது தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அறையில் உருவானதுதான் மிகுபகு எண்களைப் பற்றிய கட்டுரை. 1915-இல் இலண்டன் கணிதச் சங்க நடவடிக்கைகளில் அறுபது பக்கத்துக்கு மேல் நீண்டு வெளிவந்தது. ஹார்டியே இந்தப் பொருளைக் கணிதத்தின் நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கிய ஓர் உப்பங்கழியாகத்தான் கருதினார். ஆனால் அந்தக் கழியில் இராமானுஜன் ஓட்டிய ஓடம் சாதாரணமானதன்று. மிகுபகு எண்ணை உடைத்தால் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி அடுத்தடுத்த பகா எண்கள் வரும். அவற்றின் அடுக்குகள் ஏறவே மாட்டா, இறங்கும் அல்லது சமமாக நிற்கும். கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும், 4, 36 என்ற இரண்டு மட்டும் விலக்கு. போகப் போக, ஒரு மிகுபகு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் ஒன்றை நெருங்கிக்கொண்டே போகும். இவற்றையெல்லாம் நிறுவிக் காட்டினார். இதே உழைப்பைச் சான்றாகக் கொண்டு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின் வழியே பி. ஏ. பட்டம் அளித்தது. எஃப். ஏ. தேறாதவர் பி. ஏ. ஆனார்!

கட்டுரையில் ஓர் அட்டவணையும் உண்டு. 2-இல் தொடங்கி ஏறிச் செல்கிறது. நூறு எண்களுக்கு மேல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் காரணிகளின் தொகை. கடைசியில் நிற்பது 67,46,32,83,88,800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே சொச்சம். அதற்குக் காரணிகள் 10,080. கணிப்பொறி இல்லை, பெருக்கித் தர உதவியாள் இல்லை. காகிதமும் கையும் தலையும்தான்.

அந்த ஏணியில் ஒரு படி இல்லை. பின்வந்தோர் சரிபார்த்தபோது 1,95,54,57,50,400 என்பதற்கும் 3,21,25,37,32,800 என்பதற்கும் இடையே நிற்க வேண்டிய ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்தது. அது 2,93,31,86,25,600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

அதை உடைத்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இருமுறை, 7 இருமுறை. 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. காரணிகளுக்கு ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பிறகு நான்கு இரண்டுகள். பெருக்கினால் 5040. ஆம், பிளேட்டோவின் அதே எண்! கீழே நிற்பதற்கு 4608 காரணிகள். மேலே நிற்பதற்கு 5376. நடுவே இது நிற்க எல்லா உரிமையும் பெற்றது.

அண்டை வீட்டார் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். விடுபட்ட எண்ணில் ஒரு 3-ஐ எடுத்துவிட்டு ஒரு 2-ஐ வைத்தால் கீழே உள்ளது கிடைக்கும். ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் எடுத்துவிட்டு 23-ஐச் சேர்த்தால் மேலே உள்ளது. ஒன்றை நீக்கி ஒன்றை வைத்து, எது சிறியது, எதற்குக் காரணி மிகுதி என்று ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டிய வேலை இது. நம் நெல்லுக்கடைக்காரர் எடைக்கல்லை மாற்றி மாற்றி வைப்பது போல. அப்படிப்பட்ட வேலையில் எங்கோ ஒரு கல் நழுவிற்று.

சிறுமியைத் தேற்றப் போன எனக்கு இந்த இடத்தில்தான் ஓர் உண்மை உறைத்தது. சூத்திரங்கள் கனவில் வந்தன என்று கேட்டுக் கேட்டு, இராமானுஜனை உழைக்காமலே பெற்றவராக்கி வைத்திருக்கிறோம். நாமகிரித் தாயாரிடம் அவர் கொண்ட பக்தி மெய். அதை மறுக்க நான் யார்? ஆனால் தெய்வம் தந்த பட்டியலாயிருந்தால் ஓர் எண் குறையுமா? குறைந்திருக்கிறது. ஆகவே அது குளிரில் நடுங்கிய ஒரு கை எழுதிய பட்டியல். பசித்த, தனித்த, கண் சோர்ந்த ஒரு மனிதன் வரிக்கு வரி பெருக்கி எழுதியது. அவருடைய பல நூறு முடிபுகளைவிட இந்த ஒரு விடுபாடே அவரை எனக்கு நெருங்கியவராக்கியது என்றால், கணிதத் துறை நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விட்டது ஓர் எண் என்றால், விடச் செய்யப்பட்டது பல பக்கங்கள். போர்க்காலத்தில் இலண்டன் கணிதச் சங்கத்துக்குப் பண நெருக்கடி. செலவைக் குறைக்கக் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமல் நின்றது. அதில் இராமானுஜன் காரணிகளை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றைக் கூட்டவும் தொடங்கியிருந்தார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் அந்தத் தொகை எவ்வளவு வரை வளரலாம் என்பது கேள்வி. 1859-இல் ரீமன் சொல்லி, இன்றுவரை யாரும் நிறுவாத ஒரு கருதுகோளை உண்மை என்று கொண்டால், பெரிய எண்களுக்கு அந்தத் தொகை ஓர் எல்லையைத் தாண்டாது என்று அவர் கண்டிருந்தார். அந்தப் பக்கங்கள் பெட்டியில் உறங்கின. 1984-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கீ ரோபென் அதே எல்லையைப் பற்றி ஒரு வியப்பான முடிபை வெளியிட்டார். ரீமன் கருதுகோள் உண்மையானால், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த எல்லைக்குள் அடங்கும். அப்படி எல்லாம் அடங்குமானால் கருதுகோளும் உண்மை. அந்தக் குறிப்பிட்ட எண் எது தெரியுமா? 5040!

விடுபட்ட எண்ணுக்குக் காரணிகள் 5040 என்பதும், ரோபெனின் கணக்கு 5040-க்கு மேல் தொடங்குவதும் தற்செயலே. இதில் மாயம் தேட வேண்டாம். ஆனால் ஒதுங்கிய உப்பங்கழி என்று நினைத்தது கணிதத்தின் நடுக்கடலோடு கலந்திருப்பது தற்செயலன்று. நிறுத்தி வைக்கப்பட்ட பக்கங்களை நிக்கோலாவும் ரோபெனும் குறிப்புரையோடு 1997-இல் இராமானுஜன் பெயரால் நடக்கும் ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள். எழுதியவர் மறைந்து 77 ஆண்டு ஆகியிருந்தது.

எஞ்சிய வாழ்வைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. விரிக்க மனம் வரவில்லை. 1917-இல் நோய் கண்டது. ஒரு மருத்துவ இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். காச நோய் என்றார்கள். குடலிலிருந்து ஈரலுக்குப் பரவிய சீதபேதிக் கிருமியாயிருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் எழுதினார். அதுவாயிருந்தால் அன்றே மருந்து இருந்தது. 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு டிரினிட்டியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் ஆனார். 1919 மார்ச்சில் எலும்பும் தோலுமாகப் பம்பாயில் இறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை என்று இடம் மாறி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் கண் மூடினார். கடைசி வரை படுக்கையில் கணக்கை விடவில்லை. அந்நாளில் எழுதிய தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்து, 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கரின் கண்ணில் பட்டன. சானகி அம்மையார் தையல் வேலை செய்து பிழைத்துத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994-இல் மறைந்தார். கணவர் பெயரால் விழாக்கள் நடந்த ஆண்டுகளில் அந்த அம்மையாரின் தையல் பொறியும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மாலை சூட்டுவோர் மறக்கலாகாது.

அந்தச் சிறுமிக்கு இத்தனையும் சொல்லவில்லை. படுக்கையையும் பட்டியலையும் மட்டும் சொன்னேன். கம்பளிக் கதைக்குச் சிரித்தாள். பட்டியலை அப்போதும் நம்பவில்லை. ஆகவே தாளை நீட்டி, விடுபட்ட எண்ணைப் பெருக்கியே பார்க்கச் சொன்னேன். மாடித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, 64-இல் தொடங்கி, 81, 25, 49 என்று ஏறினோம். மேம்பாலத்தின் கீழே ஒரு இரயில் போயிற்று; 17-இல் அவள் ஒரு முறை தவறி, அழித்து, மறுபடி போட்டாள். முடிவில் 2,93,31,86,25,600 சரியாக வந்து நின்றது.

நான் பட்டியலின் கடைசி எண்ணையும் எழுதிக் காட்டி, இதையும் உடை என்றேன். அவள் 2-ஆல் ஆறு முறை, 3-ஆல் நான்கு முறை என்று இறங்கிக்கொண்டே போனாள். 5, 7, 11, 13, 17, 19 எல்லாம் முன் போலவே வந்தன. இறுதியில் மிஞ்சியது 23. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதை எழுதிக் காட்டும் வரை நானும் அறியவில்லை: விட்டுப் போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் வருவதே அவர் பட்டியலின் கடைசி எண்! அவர் ஏறி நின்ற உச்சிப் படியின் உள்ளேயே அந்த எண் முழுதாக இருந்திருக்கிறது. அதை அவர் அறியாதவராயிருக்க முடியாது. படி எடுக்கும்போதோ அச்சுக் கோக்கும்போதோ நழுவியிருக்க வேண்டும் என்பது என் துணிபு.

சிறுமி வேறொன்று கேட்டாள். இராமானுஜனின் பட்டியலுக்கும் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்களா என்று கேட்டாள். இல்லை, பி. ஏ. பட்டம் கொடுத்தார்கள் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் நோட்டைப் பிரித்து, 84-க்கும் 96-க்கும் இடையில் இடுக்கி, 90 என்று எழுதிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.